பதினைந்து பேர் கம்பனி

நிசாந்தன் கனடாவிலிருந்து மணவறையின் தூண்களைத் துண்டுதுண்டாகக் கழற்றி, நாலு சூட்கேஸில் அடைத்து வெம்பிளிக்குக் கொண்டுவந்திருந்தான். நாளைக்கு மச்சாளின், அதாவது மனைவியின் தங்கையின், கலியாணம். மணவறை போடும் தொழிலில் லண்டனில் அவனுக்கு இது முதல் ஓடர். மண்டபக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மணவறை யாருடைய தலையிலாவது விழுந்தால் நட்டஈடு கொடுக்கும் இன்சூரன்ஸ். மாலைக்குள் காட்டாவிட்டால் தூண்கள் சூட்கேஸிலேயே இருக்கவேண்டியதுதான்.

அவனிடம் இருந்தது கனடாவுக்குள் விழும் தூண்களுக்கான இன்சூரன்ஸ். லண்டனில் விழுவதையும் சேர்க்கச் சொல்லி, கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மிதுஷாவுக்குப் போன் எடுத்தான். மனைவி கஜந்தினியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“எத்தினை பேர் வேலை செய்யினம் அண்ணை?”

மிதுஷா தமிழ்ப்பிள்ளை. போதாததற்கு அவளுடைய சித்தப்பாவும் மணவறைக்காரர்.

“பதினைஞ்சு பேர்,” என்றான் நிசாந்தன்.

கஜந்தினி திரும்பிப் பார்த்தாள். கம்பனியில் அவளும் அவனும்தான்.

“கலியாணத்துக்கு எவ்வளவு சனம்?”

“ஆயிரத்துக்குக் குறைஞ்சு நாங்கள் எடுக்கிறேல்லை.”

“மணவறை என்ன உயரம்?”

“உங்கட சித்தப்பான்ரையைவிட ரெண்டு மடங்கு.”

தட்டெழுதும் சத்தம் கேட்டது. “மூவாயிரத்து இருநூறு டொலர் அண்ணை.”

இந்தக் கலியாணத்துக்கு அவன் வாங்குவதே இரண்டாயிரம்தான்.

“விசரே உங்களுக்கு?” கஜந்தினி போனைக் கையால் பொத்தினாள். “உள்ளதைச் சொல்லுங்கோ.”

“அவளின்ரை சித்தப்பன் சிரிப்பான்.”

“அப்ப என்ரை தங்கச்சியைப் பிளாஸ்டிக் கதிரையிலை இருத்தியோ தாலி கட்டுறது?”

நிசாந்தன் அவளின் கையைப் போனிலிருந்து விலக்கினான். “தங்கச்சி, அந்தப் பதினைஞ்சை ரெண்டு எண்டு போடுங்கோ.”

“மிச்ச ஆக்கள்?”

“லீவு.”

“எல்லாருமோ?”

“அப்பிடி ஆக்களே இல்லைப் பிள்ளை. நானும் மனிசியும்தான். சனம் இருநூறு. மணவறை எட்டடி.”

“முந்நூற்றுப் பத்து டொலர்.”

பணம் கட்டியதும் பத்திரம் போனுக்கு வந்தது. மண்டபக்காரர் பார்த்துத் தலையாட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

“அண்ணை, ஒண்டு சொல்லட்டே?” என்றாள் இன்னும் லைனில் இருந்த மிதுஷா. “ஆவணியிலை எனக்கும் கலியாணம். சித்தப்பாவோடை நாங்கள் கதைக்கிறதில்லை. மணவறை ஓடரை உங்களுக்குத்தான் குடுப்பம் எண்டு அம்மா சொன்னவ. ஆனா எங்களுக்குச் சனம் ஆயிரத்துக்கு மேலை. ரெண்டு பேராலை ஏலாது, என்ன?”

அவன் வாயைத் திறக்குமுன் அவள் போனை வைத்துவிட்டாள்.

“பொய் சொன்னால் காசு போகுது. உண்மையைச் சொன்னால் ஓடர் போகுது,” என்றான். “அப்ப நான் என்னத்தைத்தான் சொல்லுறது?”

“ஒண்டும் சொல்லாதேங்கோ,” என்றாள் கஜந்தினி, சூட்கேஸின் ஒரு பக்கத்தைத் தூக்கியபடி. “அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ.”