கரிப்புள்ளி

திருப்பியிருக்கக் கூடாது. ஒரு தடவைகூடத் திருப்பியிருக்கக் கூடாது.

காலையிலிருந்து அகத்தாவின் மனம் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. கை மரவள்ளிக்கிழங்கைச் சீவியது, அடுப்பில் சுள்ளியைத் தள்ளியது, கோணித்துணிப் பாவாடையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டது. கண் மட்டும் அடுப்பை ஒட்டிய பலகையில் இருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தை விட்டு நகரவில்லை. தகரத்துக்குள் கறையான் புற்று மண். மண்ணில் பாதி புதைந்து உடும்பு முட்டைகள். கோழிமுட்டையை விட நீளமானவை, ஓடு கெட்டிப்படாதவை, தொட்டால் பழைய தோல் பையைப் போல அமுங்குபவை. இத்தனை மாதமும் அவற்றைத் தினந்தோறும் ஒன்று விடாமல் புரட்டிப் போட்டு வந்தவள் அவள்தான்.

கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவள். அடைக்கோழியைக் கீரி பிடித்துவிட்டால் முட்டைகளைத் தவிட்டுக்குள் வைத்து விளக்கின் அருகே சூடு காட்டுவாள் அவள் அம்மா. தாய்க்கோழி அலகால் புரட்டுவதைப் போல நாமும் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரு ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு செத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். முட்டை என்றால் எல்லாம் முட்டைதானே என்று அகத்தா நினைத்துவிட்டாள். புரட்டும்போதெல்லாம் ஒவ்வொரு முட்டையிலும் சின்னதாக ஒரு கரிப்புள்ளி தெரிந்தது. அடுப்புக் கரி பட்டிருக்கும் என்று எண்ணி, சிலவற்றை எச்சில் தொட்டுத் துடைத்துக்கூட விட்டாள்.

உடும்புகள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையினுடையவை. துரையின் பெயர் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் யார் வாயிலும் நுழையவில்லை, பல்லித் துரை என்றே சொல்வார்கள். பங்களாவுக்குப் பின்னால் கம்பிவலை அடித்த கூண்டில் அவற்றை வளர்த்தார். சாயங்காலம் ஒன்றை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே தேநீர் குடிப்பார். உடும்பைக் கண்டால் குழம்பு வைக்கத் தெரிந்த சனம் அதைப் பார்த்துச் சிரித்தது, எச்சிலும் விழுங்கியது. கூண்டைப் பார்த்துக்கொண்டவன் தோட்டக்காரன் வால்டர். குசினியில் சமைத்தவள் அவன் மனைவி அகத்தா. லயத்தை விட்டுத் தள்ளி, கூண்டுக்குப் பக்கத்திலேயே அவர்கள் வீடு. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை ஒற்றைப் பெட்டியோடு பினாங்குக்கு ஓடினார். காரில் ஏறுமுன் வால்டரின் கையைப் பிடித்து, உடும்புகளைப் பார்த்துக்கொள் என்றார். உன்னையும் உன் மனைவியையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கேட்கவில்லை. வால்டர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே கூண்டையும் கழுவுவான்.

பசி வந்து உடும்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மிஞ்சின. பெண் முட்டையிட்டபோது வால்டர் ரப்பர் காட்டிலிருந்து புற்று ஒன்றை உடைத்து வந்து தகரத்தில் நிரப்பினான். முட்டைகளை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணாடியை வைப்பதைப் போல உள்ளே வைத்தான். அகத்தா அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் கரித்துண்டு இருந்ததைப் பார்க்கவில்லை. அதே வாரம் பாடாங் செராய்க்கு உப்பு வாங்கப் போனான். கடைத்தெருவில் நின்ற ஆம்பிளைகளையெல்லாம் ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிவிட்டார்கள், சயாமுக்கு, ரயில்பாதை போட, என்று மாலையில் ஓர் ஆள் வந்து சொன்னான். சொல்லிக்கொள்ளாமல் போனவன் முட்டையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டா போயிருப்பான்.

அதன்பிறகு ஒருநாள் கூண்டின் வலை அறுந்து கிடந்தது, உள்ளே இரண்டு உடும்பும் இல்லை. சாயங்காலம் லயத்துப் பாப்பம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனாள். அகத்தா வெகுநேரம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பிட்டாள். விரலை நக்கும்போதுதான் அழுகை வந்தது. அன்று முதல் தகரத்தின் மீது அவளுக்கு ஒரு பயம் கலந்த பாசம் ஏற்பட்டது. ஓரமாகத் தண்ணீர் தெளித்தாள், பூசணம் பூத்தால் துணியால் ஒற்றி எடுத்தாள், புரட்டினாள். குனிந்து புரட்டுகிறபோதெல்லாம் பின்னால் கூண்டுக் கதவின் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்கும். திரும்ப மாட்டாள். திரும்பினால் வெறும் கூண்டுதான் இருக்கும். திரும்பாதவரை வேலை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு ஒருவன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

போன வாரம் பாப்பம்மா மனோகரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வால்டரோடு தோட்டத்தில் வேலை செய்தவன், அதே லாரியில் போனவன். சயாமிலிருந்து தப்பி, நடந்தும் சரக்கு ரயிலில் ஒளிந்தும் வந்திருந்தான். கன்னத்தில் சதை இல்லை. முழங்காலுக்குக் கீழே புண் எலும்பு தெரிய வாயைத் திறந்திருந்தது.

"இங்கயே வச்சுக்க அகத்தா. லயத்துல வச்சா விடியறதுக்குள்ள சேதி ஜப்பான்காரன் ஆபீசுக்குப் போயிரும், தலைய எடுத்துருவானுங்க. பல்லிக்கு ஆயா வேலை பாக்குறவ வீட்டுப் பக்கம் ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்லா" என்றாள் பாப்பம்மா. சிரிக்க முயன்றாள். வரவில்லை.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவன் திரும்பினால் பெண்கள் ஓடிவந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான், எங்க வீட்டு ஆளைப் பார்த்தாயா என்று. அகத்தா அதைக் கேட்கவில்லை. கஞ்சியைச் சூடாகக் குடிப்பாயா, ஆற்றிக் கொடுக்கவா என்று கேட்டாள். அவன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவிலேயே பாதி சொல்லிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. மீதியைச் சொல்ல விடாமல் அவனுக்கு அடுத்தடுத்து வேலை வைத்தாள். புண்ணைக் கழுவ வேண்டும், காலை நீட்டு. கிழங்கு வெந்துவிட்டது, சாப்பிடு. யாரோ வருகிற மாதிரி இருக்கிறது, உள்ளே போ.

காய்ச்சலில் அவன் பிதற்றினான். "அண்ணே, எந்திரிங்கண்ணே, மழை வருது, அந்தப் பக்கம் ஒழுகுது." மறுபடியும் மறுபடியும் அதுதான். மழையில் நனைகிற யாரையோ இழுத்துப்போடப் பார்ப்பவனைப் போல பாயைப் பிடித்து இழுத்தான். அகத்தா ஈரத்துணியைக் கிழித்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள். அண்ணன் என்று எத்தனை பேரை அழைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். லயத்தில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன்தான்.

நேற்றுக் காய்ச்சல் விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தவன், அவள் தகரத்தின் முன் குனிந்திருந்ததைப் பார்த்தான்.

"அக்கா, என்னக்கா செய்றீங்க?"

சொன்னாள். அவன் தகரத்துக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், உடும்பு முட்டையைத் திருப்பக் கூடாது, இட்டபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும், அதற்காகத்தான் அண்ணன் கரியால் புள்ளி வைப்பார் என்று. அகத்தா தகரத்தைப் பார்த்தாள். புள்ளி ஒன்று பக்கவாட்டில் இருந்தது. ஒன்று பாதி மண்ணுக்குள். மற்றவற்றில் புள்ளியே இல்லை.

இன்று நடுப்பகலில் பாப்பம்மா வந்து, மனோகரன் தூங்குகிறானா என்று பார்த்துவிட்டு அவளருகே உட்கார்ந்தாள். அவனிடம் கேட்டாயா என்றாள். கேட்கவில்லை என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள். உங்கள் மாதா கோயிலில் செத்தவர்களுக்குப் பூசை வைப்பீர்களே, பேர் கொடுக்க வேண்டாமா என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியாம இருக்கறது சீழ் கட்டுன மாதிரிடி. கீறி விட்டாத்தான் ஆறும். அந்தப் பையனும் தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி முழுங்கிக்கிட்டுத் திரியுறான். அவனப் பாத்தா பாவமா இல்லையா ஒனக்கு?"

"பாவமாத்தான் இருக்கு" என்றாள் அகத்தா.

அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள். பாப்பம்மா எழுந்துபோனாள்.

வெயில் சாயும்போது முட்டைகளில் குழி விழுந்திருப்பதைக் கவனித்தாள். நேற்றுவரை விம்மி இருந்தவை இன்று விரலால் அமுக்கிவிட்டதைப் போல ஒடுங்கியிருந்தன. மனோகரனைக் கூப்பிட்டாள். அவன் தொடாமல், முகத்தை மட்டும் அருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"குஞ்சு வெளிய வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் குழி விழுவும்க்கா. செத்துப் போனாலும் இப்படித்தான் விழுவும்."

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணக் கீறிப் பாத்தாத் தெரியும்."

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியை அவளே எடுத்துவந்தாள். அவன் வாங்கக் கையை நீட்டினான், கொடுக்கவில்லை. புரட்டிய கை இதையும் செய்யட்டும் என்று தோன்றியது. ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து நுனியால் கீறினாள். தோல் எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாக இருந்தது. உள்ளே மஞ்சளாகக் கட்டி தட்டிக் கிடந்த கருவின் ஒரு பக்கத்தில், அவரை விதை அளவில், வளைந்த முதுகும் கறுத்த புள்ளியாய்க் கண்ணும் கொண்ட ஏதோ ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ நின்றுபோனது. எந்த நாள் என்று அவளால் கண்டுபிடிக்க முடியாது. அன்றும் அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கவனமாகத்தான் புரட்டியிருப்பாள்.

இலையை மடித்து அடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மற்ற முட்டைகளின் மேல் ஈரச்சாக்கை இழுத்து மூடினாள்.

"மத்ததும் அப்படித்தான்க்கா இருக்கும்."

"இருக்கலாம்."

"கீறிப் பாக்கலியா?"

"ஒண்ணு போதும்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்து புண் காலை வெளியே நீட்டிக்கொண்டான். இருட்டத் தொடங்கியிருந்தது. அகத்தா கஞ்சியை ஊற்றி அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"அக்கா, நான் சொல்லிர்றேங்க்கா" என்றான். முகத்தைத் திருப்பாமல், மரங்களைப் பார்த்துக்கொண்டு. "வர்ற வழி பூரா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு. இத ஒங்க கையில குடுத்துட்டா எனக்குத் தூக்கம் வந்துரும். ரொம்ப நேரம் ஆவாது. கேட்டுக்கங்க."

அவள் அவனுடைய பிடரியைப் பார்த்தாள். சின்னப் பையனைப் போல ஒடுங்கிய பிடரி. அவனுக்கு வயது அதிகம் இல்லை. எவ்வளவு தூரத்திலிருந்து இதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். வாங்கிக்கொள்வது ஒரு மனுஷி செய்யக்கூடிய காரியம்தான். பாப்பம்மாவாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள், ஊரைக் கூட்டி அழுதிருப்பாள், அவனையும் மடியில் போட்டு அழ வைத்திருப்பாள். தன்னால் ஏன் முடியவில்லை என்று அகத்தாவுக்குத் தெரியவில்லை. தன்னைக் கல்மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை.

"வேணாம் தம்பி" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை, அதைவிடக் கஷ்டமான ஏதோ ஒன்று இருந்தது.

"அப்ப எப்பக்கா?"

அவள் உள்ளே போய்த் தன் பாயை எடுத்துவந்து, அவன் பாயை ஒட்டி வாசலோரமாக விரித்தாள். கஞ்சிக் கிண்ணத்தை அவன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"குடிச்சுட்டுப் படு. நான் முழிச்சிருக்கேன்."

வெளியே ரப்பர் காய்கள் வெடிக்கத் தொடங்கின. பகல் முழுக்கக் காய்ந்த ஓடுகள் இருளுக்குள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஒவ்வொரு தெறிப்புக்கும் மனோகரனின் தோள் குலுங்கியது. விதைகள் தகரக் கூரையில் விழுந்து, உருண்டு, விளிம்பில் சற்று நின்று, தரையில் விழுந்தன. அகத்தா அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தது எந்தத் திசையில் வெடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.