முடிஞ்ச மாதிரி

என் மாப்பிள்ளைக்கு வெட்கம் வந்தால் சட்டைக் காலரைச் சரிசெய்வார். அந்த ஒரு வருஷத்தில் அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் காலர் நைந்து, சட்டை மட்டும் புதிதாக இருந்தது.

மென்பொருள் செய்யும் குழு ஒன்றுக்கு அவர் தலைவர். அவர்கள் வேலை செய்யும் முறைக்கு அஜைல் என்று பெயர். சுறுசுறுப்பு என்று அர்த்தமாம். பெரிய வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டை முடித்து, கேட்டவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஓட்டம். யார் எங்கே ஓடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. மாப்பிள்ளையிடம் சில கேள்விகளைக் கேட்கக் கூடாது.

தினமும் காலையில் அவர்களுக்கு நின்றுகொண்டே ஒரு கூட்டம் உண்டு. நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு குறையும் என்பது ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில் பக்கத்து அறையிலிருந்து நானும் கேட்டிருக்கிறேன். பேச்சு குறையவில்லை, கால்கள்தான் பழகிவிட்டன. ஒரு பையன் நின்றபடியே தூங்கிப்போய், தன் முறை வந்ததும் கண்ணைத் திறக்காமலே, "நேத்து செஞ்சதையே இன்னிக்கும் செய்றேன்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து கனவைத் தொடர்ந்தான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும், அது எவ்வளவு கடினம் என்று மார்க் போடுவார்கள். ஒரு நாள் மேலதிகாரி, மார்க் போதாது, ஏற வேண்டும் என்றார். ஏறியது. வேலை ஏறவில்லை, அதே வேலைக்கு மார்க் ஏறியது. ஒரு பட்டனுக்குப் பச்சை நிறம் அடித்ததற்கு விழுந்த மார்க்கின் பாரம் தாங்காமல், மார்க் எழுதிச் சுவரில் மாட்டியிருந்த பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. இதை நான் பார்க்கவில்லை. என் மகள் சொன்னாள். அவளும் பார்க்கவில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு கண் மருத்துவமனைக்கான செயலி. நோயாளிகள் இனி போன் போட்டு நேரம் கேட்க வேண்டாம். கைபேசியில் ஒரு பட்டனை அமுக்கினால் டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்துவிடும். அத்தனை மாதத்தில் குழுவில் ஒருவரும் ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. இரண்டு கண்ணிலும் புரை வைத்துக்கொண்டு நான் ஒருத்தன் அதே வீட்டில் சுவரைத் தடவி நடந்துகொண்டிருந்தேன். என்னிடமும் காட்டவில்லை.

ஒருநாள் கூட்டத்தில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"அது முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான் சார்."

"சரி, முடிஞ்சுதுன்னு போட்டுக்கறேன்."

உடனே ஒரு பெண் குரல். செய்ததைச் சோதித்துப் பார்ப்பது அந்தப் பெண்ணின் வேலை. "சார், மாதிரின்னா முடியலன்னு அர்த்தம். நான் சோதிச்சுப் பாக்க இன்னும் யாரும் எதுவும் குடுக்கல."

"அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்மா."

அடுத்த ஸ்பிரிண்டிலும் அதே பேச்சுதான். கடைசித் துண்டு வரைக்கும் முடிந்த மாதிரியே எல்லாம் முடிந்தன. பிறகு மாப்பிள்ளை காலரைச் சரிசெய்துகொண்டு என் அறை வாசலுக்கு வந்தார்.

"மாமா, ஒரு உதவி. நாளைக்கு மருத்துவமனைல டெமோ. உண்மையான நோயாளி ஒருத்தர் அமுக்கிக் காட்டணும்னு கேக்கறாங்க."

உள்ளேயிருந்து மகள், "அப்பாவை எதுக்குங்க இழுக்கறீங்க? அவர் வாயைத் திறந்தா நீங்க மூட முடியாது" என்றாள்.

"மேல இருக்கற பச்சைப் பட்டனை மட்டும் அமுக்குங்க மாமா. மத்ததைத் தொட வேண்டாம்."

"தொட்டா என்ன ஆகும் மாப்பிள்ளை?"

"ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா தொடலாமே."

"ஒண்ணுமே ஆகாது மாமா. அதான் பிரச்சனை." குரலை இறக்கினார். "பச்சைப் பட்டனை யார் அமுக்கினாலும் செவ்வாய்க்கிழமை பத்து மணின்னு வரும். பின்னாடி டாக்டரோட நேரப் பட்டியலை இன்னும் சேர்க்கல. மேலதிகாரி தேதி குடுத்துட்டார். முடியலன்னு சொல்ல வாய் வரல."

பெண் கேட்டு வந்த அன்றுகூட அவர் என் முன்னால் இப்படித் தலை குனிந்ததில்லை. சரி என்றேன்.

மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் ஓர் அம்மா இருந்தார். இத்தனை வருஷமும் போனை எடுத்து நேரம் கொடுத்தவர் அவர்தான். ரிசீவரைத் தோளில் இடுக்கி இடுக்கி அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டதால், யார் எது சொன்னாலும் சந்தேகப்படுகிற மாதிரி தோன்றும். அந்த அறையில் சந்தேகமே படாதவர் அவர் ஒருவர்தான்.

தன் மாமனார் என்று மாப்பிள்ளை என்னை அவரிடம் சொல்லிவைத்தார். நான் பச்சைப் பட்டனை அமுக்கினேன். என்னவோ வந்தது. மேலதிகாரி முதல் ஆளாகக் கைதட்டினார்.

"ஐயா, உங்களுக்குச் சிரமமா இருந்துச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

பக்கத்தில் மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. நம் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் நாலு பேர் முன்னால் விழக் கூடாது. நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம்.

"சிரமமா? நான் விரலை நீட்டறதுக்குள்ள பட்டனே வந்து விரல்ல உரசிக்குதும்மா. பாதிக் கண்ணுக்கே இப்படித் தெரியுது, முழுக் கண்ணு இருந்தா உள்ள டாக்டர் உக்காந்திருக்கறதே தெரியும் போல. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் சும்மா தொட்டுப் பார்த்தார். கேக்காமலே நேரம் குடுத்துடுச்சு. அவருக்குக் கண்ணுல கோளாறே கிடையாது!"

சிரிப்பார்கள் என்று நிறுத்தினேன். வீட்டில் இதில் பாதிக்கே சிரிப்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது போதும் தம்பி. திங்கக்கிழமையிலேருந்து போனை நிறுத்திடறேன். ஒத்தைக் கண்ணைக் கட்டிக்கிட்டு, லைன் கிடைக்கலன்னு நேர்லயே வந்து நிக்கறாங்க தம்பி. பாக்கவே முடியல. நீங்க நல்லா இருக்கணும். இப்படி ஒரு மாமனார் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

கட்டுப்போட்ட கண்கள் அத்தனையும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்பது என் மனசில் தெரிந்தது. எனக்கு எதையும் பெரிதாக்கிப் பார்க்கிற வழக்கம் உண்டு. இதைப் பெரிதாக்கத் தேவை இருக்கவில்லை.

குழுவோடு வந்திருந்த அந்தச் சோதிக்கிற பெண் மாப்பிள்ளையையே பார்த்தாள். மேலதிகாரி பையை மூட ஆரம்பித்தார்.

"மேடம்" என்றார் மாப்பிள்ளை. "போனை நிறுத்தாதீங்க. இது முடியல."

"எது தம்பி?"

"இதுதான். முடிஞ்ச மாதிரி இருக்கு. முடியல."

"ஐயாவுக்கு இப்பதானே நேரம் வந்துச்சு?"

"யார் அமுக்கினாலும் அதேதான் வரும். நாங்க எழுதி வச்சது."

அந்த அம்மா கைபேசியை வாங்கி அமுக்கினார். செவ்வாய்க்கிழமை பத்து மணி. மறுபடி அமுக்கினார். செவ்வாய்க்கிழமை பத்து மணி. வேறு பட்டன்களை அமுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பக்கத்து வீட்டுக்காரர்னு சொன்னீங்களே ஐயா?"

"பக்கத்து வீடு காலியாத்தான் இருக்கும்மா" என்றேன்.

அவர் கைபேசியைத் துடைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம். "எத்தனை மாசம் ஆச்சு தம்பி? ஒரு நாள் வந்து என் பக்கத்துல உக்காந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மேசையில் போன் அடித்தது. அந்த அம்மா நடந்து போய் எடுத்தார்.

"சொல்லுங்கய்யா... ஆமா, திங்கக்கிழமையும் இதே நம்பர்தான்... இல்லைய்யா, நான்தான் எடுப்பேன்."

மேலதிகாரி எப்போது போனார் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். என்னை அவர் பார்க்கவில்லை. நானும் அவர் இருந்த திசையில் முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா ரிசீவரை வைத்ததும் ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தார். அந்த அம்மா வைக்கவில்லை. லைனைத் துண்டிக்கப் போனை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அடுத்து அழைத்தவரிடம் பெயரைக் கேட்டார்.