பதினாறாம் பக்கத்துக்குப் பிறகு

பைண்டருக்கு ஐம்பத்திரண்டு வயதில் படிப்பு ஆசை வந்ததை அச்சகத்தில் யாரும் நம்பவில்லை. "பேரன் பேத்தி எடுக்கற வயசுல உனக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்றார்கள். முப்பது வருஷமாக ஊர்ப்பட்ட புத்தகங்களைத் தைத்து, ஒட்டி, ஓரம் வெட்டி அனுப்பிய மனுஷனுக்கு, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் தோன்றக் கூடாதா? ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மகள், நானும் வருகிறேன் என்றாள். மேற்கத்திய இலக்கியமும் அதன் பழைய வேர்களும் என்ற சனிக்கிழமை வகுப்பில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

முதல் பாடம் ஒரு கிரேக்க நாடகம். நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி. மகளுக்கு அந்த மாதம் டூட்டி மேல் டூட்டி. "நீங்க படிச்சிட்டுக் கதையச் சொல்லுங்கப்பா. நான் கட்டுரை எழுதிக்கறேன்" என்றாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பெண்.

புத்தகம் பழைய காலத்து வேலை. முதல் பதினாறு பக்கம்தான் திறந்திருந்தது. மற்ற தாள்கள் மடித்த மடிப்பு கலையாமல் மேல்விளிம்பில் ஒட்டியே கிடந்தன. படிக்கிறவர்தான் கத்தி வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இது அவருக்கா தெரியாது? நாளைக்குப் பிரிக்கலாம், நாளைக்குப் பிரிக்கலாம் என்று மூன்று வாரம் ஓட்டினார். உண்மை என்னவென்றால், அந்தப் பதினாறு பக்கமே அவருக்குத் தண்ணி காட்டிவிட்டது. வாயில் நுழையாத பெயர்கள். கூட்டமாக வந்து நின்று புலம்புகிற ஆட்கள். எந்தச் சாமிக்கு யார்மேல் கோபம் என்றே பிடிபடவில்லை. அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. சாப்பிடும்போது அவள் கேட்க, இவர் அளந்துவிட்டார்: ராஜா ஊர் திரும்பினான், பெண்டாட்டி பிள்ளைகளோடு சுகமாக இருந்தான். அவள் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள்; இவர் கட்டுரையே கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் கட்டுரைகளோடு வந்தார். "இந்த நாடகத்துல கடைசியில உயிரோட மிஞ்சறது ஒரு வேலைக்காரன்தான். இங்க ஒருத்தங்க எல்லாரையும் சுகமா வாழ வச்சுட்டாங்க. எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டும்மா."

மகள் நம்பிக்கையோடு அப்பாவின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பேராசிரியர் புரட்டினார். பதினாறுக்கு மேல் புரளவில்லை. ஒட்டிக் கிடந்த தாள்களைத் தூக்கிக் காட்டியதும் வகுப்பே சிரித்தது.

மகள் ஒரே ஒரு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, "நான்தான் சார் படிக்காம எழுதிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றாள்.

பைண்டர் எழுந்திருக்க நினைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு ஓரம் வெட்டிய கைகள். மானம் போனது தனக்கல்ல, பெற்ற பெண்ணுக்கு. அதை உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

இடைவேளையில் வராந்தாவில் ஒதுங்கி நின்றவரிடம் மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

"அந்த ராஜா எப்படிப்பா செத்தான்?" என்றாள்.

"தெரியலம்மா."

அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நிஜம் அதுதான். டீயை அப்படியே சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். எல்லாரும் வந்து உட்காரும்வரை பேராசிரியருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"சார், புள்ள மேல தப்பில்ல. புத்தகம் எங்கிட்டதான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, படிச்சேன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டேன்."

இந்தத் தடவை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.