குளவி என்று சொல்லிவிட்டான்

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்களிடம் இப்திகார் சொன்னது நாலே சொல். "இண்டைக்கு மலையில குளவி விடப்போறோம்." சொல்லி முடிப்பதற்குள் களம் காலி. கொழுந்துக் கூடைகள் மட்டும் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றன.

திகனயில் பிறந்து பூச்சியியல் படித்தவனுக்குக் குளவி என்பது ஒரு பூச்சியின் பெயர். மலையில் கொழுந்தெடுப்பவர்களுக்கு அது ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பெயர். இது அவனுக்கு உறைத்தபோது கூடைகளுக்குத்தான் சலாம் சொல்ல முடிந்தது.

கையிலிருந்த பெட்டிக்குள் எறும்பைவிடச் சற்றே பெரிய, மனிதரைக் கொட்டாத ஒட்டுண்ணிக் குளவிகள். தேயிலையைச் சுருட்டித் தின்னும் புழுவைத் தேடி முட்டையிடுபவை. ஆய்வுகூடத்துப் புழுக்களெல்லாம் நோய்கண்டு செத்துப்போயின. இந்த மலைப் புழுக்களில் இன்று முட்டையிடாவிட்டால், தேன்தண்ணீர் ஊட்டி அவன் வளர்த்த வம்சம் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். புள்ளைகளுக்குக்கூட அவன் இப்படி ஊட்டியதில்லை என்பது அவன் மனைவி பர்ஹானாவின் பழைய முறைப்பாடு.

அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் விளக்கினான். அது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. குளவியின் வால் ஊசி கொட்டுவதற்கல்ல, உயிருள்ள புழுவின் உடம்புக்குள் முட்டையைச் செலுத்தத்தான் என்றான். ஒரே முட்டை உள்ளே பலதாகப் பிரியும், குஞ்சுகள் புழுவைச் சாகவிடாமல் பக்குவமாகத் தின்று வளரும், கடைசியில் தோலைக் கிழித்து வெளியே வரும் என்றான். மாசமாயிருந்த நிலூஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சரி, இது குளவியே இல்லை, பூச்சி என்று மாற்றிப் பார்த்தான்.

"பெரட்டுல குளவி, லயத்துல பூச்சி. பஸ் ஏறுறப்போ வண்ணத்துப்பூச்சியாக்கும்" என்றாள் மூக்காயி. எல்லாரும் சிரித்தார்கள். யாரும் சரி என்று சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை, தோட்டத்து மேலாளரான தொரையைக் கேட்கச் சொன்னார். தொரை, பெண்கள் சம்மதித்தால் தனக்கொன்றுமில்லை என்றார். தொழிற்சங்கத் தலைவர், பாப்போம் என்றார். பக்கத்துத் தோட்டத்துக்கும் போன் போயிருந்தது. அங்கே போனவனைக் கண்டதும் காவலுக்கு நின்ற வாச்சர் கேட்டைச் சாத்தினான்.

லயத்துக்கே திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. முட்டையிட இடமில்லாத பெண் குளவிகள் வயிற்றை வளைத்து, பெட்டியிலிருந்த பஞ்சைக் குத்திக் குத்திப் பார்த்தன. சில கீழே விழுந்து எழும்பவில்லை. இப்திகார் சட்டையைக் கழற்றி நனைத்துப் பெட்டிமேல் போட்டான். பனியனோடு நின்ற விஞ்ஞானியை லயத்து நாய் மட்டுந்தான் மரியாதையாகப் பார்த்தது.

மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த, காலையில் பெரட்டில் நின்ற சுப்பம்மாவிடம் போனான்.

"அக்கா, பெட்டியத் தொறக்க ஏலுமா, ஏலாதா? யாராவது ஒரு சொல் செல்லுங்க."

அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

"கூடாது சார். மொதல்ல பயந்துதான் ஓடுனோம். இப்ப உங்க பூச்சி கொட்டாதுன்னு நம்புறோம். ஆனா அந்த மலை மரத்துல நெசக் குளவிக்கூடு தொங்குது. எங்க நாத்தனா அதுல கொட்டு வாங்கித்தான் செத்துச்சு. கூட்டை எடுங்கன்னு தொரைகிட்ட கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலிச்சிருச்சு. இன்னைக்கு நீங்க குளவி விட்டீங்கன்னு ஒரு பேச்சு ஆயிருச்சுன்னா, நாளைக்கு எவளக் கொட்டுனாலும், அது ஆராய்ச்சிக்காரங்க குளவி, அங்க போயிக் கேளுன்னு சொல்லிருவாங்க. கூடு அங்கேயே தொங்கும். உங்களுது சாகுறது பாவமாத்தான் இருக்கு. ஆனா தொறக்காதீங்க."