ஏச்சு வாங்காத நாள்

முகத்துக்குப் பவுடர் பூசி, மயிர் கொட்டிய தலையில் பட்டுச் சால்வையையும் கட்டிக்கொண்டு நான் வெளிக்கிட்டபோது, மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்த என் மகன் ஜெனிஸ் வாயைப் பிளந்தான்.

"அம்மா, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கோ, கலியாண வீட்டுக்கோ?"

"உன்ரை வேலையைப் பார்."

அவனுக்கு என்னத்தைச் சொல்ல? அன்று தனுசியாவுக்குச் சோதனை.

தனுசியா அளவெட்டி ஊர்ப் பிள்ளை. புற்றுநோய்க்காரரின் மனத்தைப் பார்க்க வாட்டுக்கு வருகிறவள். உளவியலில் கலாநிதிப் பட்டம் வாங்கிவிட்டாள். அதற்கு மேலும் எங்களைப் போன்றவர்களோடு இருந்து பயிற்சி எடுக்க வேண்டுமாம். "பட்டம் எடுத்தும் பழகிறியோ? அப்ப இவ்வளவு நாளும் என்னத்தைப் படிச்சனி?" என்று முதல்நாளே கேட்டேன். "உங்களோடை இருக்கப் பழகேல்லை அன்ரி" என்று சிரித்தாள்.

கொழும்புத்துறையில் மீன் கூவி விற்ற வாய் என்னுடையது. வாட்டில் என்னிடம் வாங்கிக் கட்டாத ஆள் இல்லை. மற்றவர்கள் தப்பி ஓடுவார்கள். இவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏச்சு முடியும்வரை இருப்பாள். முடிந்த பிறகு நான் வேறு மனுசி. மருந்து ஏறிய பிறகு சோறு மண்ணாய்க் கிடந்ததை, குளிக்கும்போது மயிர் கையோடு வந்ததை, செத்துப்போன மனுசன் கனவில் வந்து கூப்பிட்டதை, எல்லாவற்றையும் அவளிடம்தான் கொட்டினேன். அந்தோனியார் கோயிலில் ஜெனிசுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினால் அவளுக்கும் ஒன்று கொளுத்துவேன். சைவப் பிள்ளை என்று அந்தோனியார் குறை நினைக்கமாட்டார்.

கொழும்பிலிருந்து அவளுடைய பேராசிரியை வந்து, அவள் என்னோடு கதைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பாராம். சம்மதமோ என்று தனுசியா கேட்டாள். ஓம் என்றேன். இந்தப் பிள்ளையைப் பாஸ் பண்ண வைப்பது என் பொறுப்பு என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். நோயாளி சந்தோசமாக இருந்தால்தானே அவளுக்குப் புள்ளி விழும்? மார்பை எடுக்கும் ஒப்பரேசனுக்கு வருவதில்லை என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அதை மட்டும் வாய்விடக்கூடாது.

பேராசிரியை மூலையில் இருந்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். நித்திரை நல்லது, சாப்பாடு நல்லது, ஒப்பரேசனுக்குத் துளியும் பயமில்லை, எல்லாம் தனுசியா மிஸ்ஸின் புண்ணியம் என்று அளந்தேன். பேராசிரியை தலையாட்டினார். பாஸ்தான் என்று எனக்குள் ஒரே புளுகம்; சந்தோசம் தாங்கவில்லை.

தனுசியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, இண்டைக்கு நீங்கள் என்னை ஒருக்காக்கூட ஏசேல்லை."

"அதுக்கென்ன இப்ப?"

"எனக்குப் பயமாக் கிடக்கு."

விசர்ப் பெட்டை! சோதிக்க வந்தவருக்கு முன்னால் சொல்லும் கதையா இது? அவளை முறைத்தேன். முறைத்த கண்ணிலிருந்தே பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"நான் ஒப்பரேசனுக்கு வரமாட்டன் பிள்ளை. வெட்டி எடுத்தாப் பிறகு கண்ணாடியிலை நான் ஆரைப் பாக்கிறது?"

அழாதே என்று அவள் சொல்லவில்லை. கடவுள் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"வாறதும் வராததும் உங்கடை முடிவு. அந்தப் பயத்தை முதல் என்னட்டைச் சொல்லுங்கோ."

சொன்னேன். பவுடர் எல்லாம் கரைந்து வழியும்வரை சொன்னேன். எழும்பும்போது நெஞ்சில் ஏற்றி வைத்த கல்லை ஆரோ இறக்கிவிட்டது போல இருந்தது. ஒப்பரேசனுக்கு வாறன் என்று நானாகத்தான் சொன்னேன்.

"உன்ரை சோதினையை நாசமாக்கிப் போட்டன்" என்றேன் வாசலில்.

"போகட்டும் அன்ரி."

ஒப்பரேசன் அன்று காலை என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, தியேட்டர் கதவடியில் நின்றாள். தலை கலைந்து, முகம் வாடிப் போயிருந்தது. என் கையைப் பிடித்தாள். அவளுடைய கைதான் சில்லிட்டுக் கிடந்தது.

"இதென்ன கோலம்? தலை இழுக்க நேரமில்லையோ? காலமை ஏதும் திண்டனியோ, இல்லையோ? உன்னைப் பெத்தவள் பாத்தா என்னைத்தானே திட்டுவாள்!"

கதவு மூடும்வரை ஏசிக்கொண்டே போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிச் சிரித்தபடி நின்றாள்.