தண்ணீர் மேல் போட்ட பழி

எங்கள் பக்கம் என் வயதில் ஒருத்தனுக்குப் பல் வெள்ளையாக இருந்தால் அவன் வெளியூர்க்காரன். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதில் வளர்ந்த பல் பழுப்பாகத்தான் இருக்கும். அதனால் எங்களுக்கு ஈறில் ரத்தம் வந்தாலும் தண்ணீர், பல் ஆடினாலும் தண்ணீர். நானும் நான்கு வருடமாக ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ராமக்காள் செத்துப்போயும் நான்கு வருடம்தான். அதன்பிறகு பேச்சு என்று எனக்கு இருந்தது, தர்மபுரி டவுன் பஸ்ஸில் சின்னராஜோடு பேசுகிற நாற்பது நிமிடம் மட்டும். எனக்கு அங்கே உரக்கடையில் வேலை, அவனுக்கு ஜவுளிக்கடையில் வாட்ச்மேன் வேலை. முந்தின ஸ்டாப்பில் ஏறி எனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பான். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

போன ஆடியில் ஒருநாள் துண்டு இல்லை. அவன் பின்சீட்டில் இருந்தான். கேட்டால், ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றான். மறுநாளும் அப்படியே. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அவன் மகள் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்காராமல் கிளம்பியதை மனதில் வைத்திருக்கிறான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். போடா என்று முன்படிக்கட்டில் நிற்க ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் அவன் அம்மா செத்துப்போனாள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்பார்கள். சட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தேன். முதலில் அவன் ஒரு வார்த்தை பேசட்டும் என்று திரும்பிப் போய் உட்கார்ந்தேன். சாவு மேளம் மத்தியானம் வரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே பழைய சோறு தின்றேன். ராமக்காள் போன அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

தை மாதம் கடைவாய்ப் பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. வலியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தர்மபுரியில் பல் டாக்டர் பிரியதர்ஷினி என்று ஒரு சின்னப் பெண். மாஸ்க் போட்டிருந்தும், நான் வாயைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்தாள். தண்ணீர்தான் காரணம் என்று நானே சொன்னேன். நிறத்துக்குத்தான் தண்ணீர், ஆடுவதற்கு இல்லை என்றாள். ஈறுக்கடியில் காரை கட்டி அதில் கிருமி குடியிருக்கிறதாம். கிருமியின் மேல்புறத்தில் புரதங்கள் இருக்கின்றனவாம். வேட்டியில் நாயுருவி ஒட்டுகிற மாதிரி அவற்றால்தான் அது ஈறைப் பிடித்துக்கொள்கிறதாம். உடம்பு அந்தப் புரதங்களை அடையாளம் கண்டு சண்டைக்கு நிற்கிறது, ஈறு வீங்குகிறது. சண்டை வருடக்கணக்கில் ஓயாவிட்டால் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைந்துவிடும்.

"கிருமி எலும்பத் தின்னுடுச்சுங்களா?"

"கிருமி தூண்டித்தான் வுடுதுங்க. பெரும்பாலும் அழிக்கறது உங்க உடம்போட கோவம்தான்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "வாய் நாத்தம் ரொம்ப நாளா இருந்திருக்கும். வூட்ல யாரும் சொல்லலீங்களா?" என்றாள்.

"வூட்ல யாரும் இல்லம்மா."

அப்போதுதான் சின்னராஜ் சொன்ன ஜன்னல் காற்று எனக்கு உறைத்தது. என் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லியிருக்கிறான். அதற்கு நான் செய்தது என்ன? அந்த நாற்காலியில் சாய்ந்தபடியே வெட்கத்தில் அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான்கு தடவை போய்ச் சுத்தம் செய்துகொண்டேன். ரத்தம் நின்றது. கடைசித் தடவை அந்தப் பெண் தலையைப் பின்னால் இழுக்கவில்லை. அதைவிட சர்டிபிகேட் வேண்டுமா? மறுநாள் காலை நேராகப் பின்சீட்டுக்குப் போய் சின்னராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிருமி, புரதம், காரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நாற்றம் எனக்கே தெரியாது, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இப்போது சரியாகிவிட்டது என்றேன்.

அவன் கடைசிவரை கேட்டான். முகத்தில் கோபமே இல்லை.

"நாத்தத்துக்குத்தான் தள்ளி உக்காந்தேன், நெசந்தான். சொன்னா குதிப்பன்னு சொல்லல. ஆனா ஆத்தாவ எடுக்கறப்ப, நீ வருவன்னு ஒரு மணி நேரம் பாடையத் தூக்க வுடாம நிறுத்தி வெச்சிருந்தேன்டா."

தர்மபுரிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவன் எழுந்து முன்படிக்கட்டில் போய் நின்றுகொண்டான்.