இருநூற்று நாற்பது பாக்கெட்

உதுமான் பாயின் போன் அடித்தபோது இசக்கிராஜ் ஒரு காலரைத் திருப்பி, கத்தரிக்கோல் நுனியால் அதன் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். எட்டுத் தையல் மெஷின் ஓடும் கார்கானாவில் பாய் பேசுவது யாருக்கும் கேட்காது. ஆனால் ஆளைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்து பேசத் தொடங்கியவர் எழுந்து நின்றார். பிறகு சட்டையின் மேல்பித்தானைப் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் பானுமதி அம்மாள்தான் என்று அப்போதே எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. பாய் சின்ன வயதில் அவரிடம் படித்தவர். முப்பது வருஷம் ஆகியும் அந்தக் குரலைக் கேட்டால் கை தானாகப் பித்தானுக்குப் போய்விடும்.

போனை வைத்துவிட்டு பாய் மெயின் சுவிட்சை அணைத்தார். மெஷின்கள் நின்றன.

"பொட்டப் புள்ளைய டிரெஸ்ல பாக்கெட்டு வைக்கச் சொன்னது யாருவே?"

கட்டிங் மாஸ்டர் ராஜபாண்டி மேஜையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "சாம்பிள்ல இருந்துச்சு. வச்சேன்."

"நான் டீச்சர்ட்ட காட்டுன சாம்பிள்ல பாக்கெட்டே கெடையாது."

"ஆணியில தொங்குன சாம்பிள்ல இருந்துச்சு பாய்."

இசக்கிராஜின் கால் பெடலிலிருந்து வழுக்கியது.

அந்தக் கார்கானாவில் ஆணிதான் சட்டம். எந்த ஆர்டர் வந்தாலும் பார்ட்டி பார்த்துச் சரி சொன்ன முதல் உருப்படி ராஜபாண்டியின் மேஜைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். அதைப் பார்த்துத்தான் அவன் துணியை அறுபது மடிப்பாக அடுக்கி ஒரே வெட்டில் வெட்டுவான். இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று கேட்கிற வழக்கம் அவனிடம் கிடையாது. ஒருமுறை சாம்பிளில் கைதவறி மாறிப்போன பித்தானைக்கூட அப்படியே முந்நூறு சட்டைக்கு மாற்றி வைத்தவன். மற்றவர்களும் ஆளுக்கு ஒரு வேலை. காலர் வைப்பவனுக்குக் காலர்தான் தெரியும், பக்கத்தைத் தைப்பவனுக்குப் பக்கம்தான் தெரியும். முழு உடுப்பை அவர்கள் பார்ப்பது தெருவில் போகிற பிள்ளைகள் மேல்தான்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் சுடிதார் ஆர்டர் உதுமான் பாய்க்கு வந்தது. சாம்பிளை மட்டும் முழுக்க ஒரே ஆள் தைப்பது வழக்கம்; இதைத் தைத்தவன் இசக்கிராஜ். ஒன்பதாவது படிக்கும் அவன் மகள் தங்கமயிலின் அளவுக்கே அது அமைந்துவிட்டதால், வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் பாய். அவனுக்குத்தான் அதுவரை பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதை மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். தங்கமயில் போட்டுப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள், இரண்டு கையையும் இடுப்போரம் தடவினாள்.

"யப்பா, ஒரே ஒரு பாக்கெட்டு. வெளிய தெரியாம. பையங்களுக்கு மட்டும் நாலு வைக்கிய."

சாவி வைக்க என்றாள். அவனும் அவன் மனைவி பேச்சியும் வேலைக்குப் போய்விடுவதால் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும். முன்பெல்லாம் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அது கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கழற்றச் சொன்னார்கள். ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து இரண்டு முறை தொலைத்தாள். பிறகு, மகள் குழாயடிக்குப் போன நேரத்தில் பேச்சி, சாவி மட்டுமில்லை என்று சொன்னாள். மாதத்தில் நாலு நாள் பிள்ளை பாத்ரூமுக்குப் போகும்போது நோட்டுக்குள் ஒளித்து எடுத்துப் போகிறாளாம். போன மாதம் நோட்டு நழுவிக் கீழே விழ, பின் பெஞ்சுப் பையன்கள் ஒரு வாரம் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் இசக்கிராஜ் டீகூடக் குடிக்காமல் வலது பக்கத் தையலைப் பிரித்து ஒரு பாக்கெட் வைத்தான். அவன் இருபது வருஷத்தில் வைத்த பாக்கெட்டுகளிலேயே அதுதான் சுத்தமான பாக்கெட். திங்கட்கிழமை யார் கண்ணிலும் படாமல் சுடிதாரைத் திரும்ப ஆணியில் மாட்டினான். ராஜபாண்டி வந்து அண்ணாந்து பார்த்தான், கையை விட்டுப் பார்த்தான். வெட்டில் விழுந்த துண்டுத் துணியை எல்லாம் பொறுக்கி இருநூற்று நாற்பது பாக்கெட் வெட்டினான்.

இப்போது இசக்கிராஜ் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். பேச்சி சொன்னதை மட்டும் விட்டுவிட்டான். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். இன்று காலையில்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களாம். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பெண்பிள்ளைகள் பாக்கெட்டில் கைவிட்டு நடக்கிறார்களாம். சனிக்கிழமைக்குள் அத்தனையையும் வாங்கி அடைத்துத் தைத்துத் தரவேண்டுமாம்.

"நீரே வந்து சொல்லும்வே. அந்தம்மா மொகத்தப் பாத்து என்னால முடியாது."

பானுமதி டீச்சர் மாட்டுங்காவிலிருந்து வருபவர். ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கிறது. அன்று மத்தியானமே அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் காத்திருக்க, அவர் தன் அறைக்குள் வரும்போது ஒரு கையில் சாவிக்கொத்து, போன், சிவப்புப் பேனா, கைக்குட்டை. இன்னொரு கையில் மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவிட்டுத்தான் நாற்காலியை இழுத்தார். பின்னாலேயே, வகுப்பிலிருந்து வரவழைக்கப்பட்ட தங்கமயிலும் வந்து சுவரோரம் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தாள். மகள் கேட்டதால் தான் வைத்த பாக்கெட் அது என்று இசக்கிராஜ் சொல்லி முடித்தான்.

"முப்பது வருஷமா இல்லாத பாக்கெட் இப்போ எதுக்கு? காரிடார்ல ஒவ்வொண்ணும் தாதா மாதிரி நடக்கறது. பாக்க நன்னாவா இருக்கு? நாளைக்கு இதுக்குள்ள மொபைலைக் கொண்டுவருவா."

பாய் நாற்காலியில் உட்காரவே இல்லை. சனிக்கிழமைக்குள் அடைத்துவிடலாம் என்றார். இசக்கிராஜுக்கும் சரி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபமாகத்தான் இருந்தது. தான் வைத்ததைத் தானே அடைக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுவரோரம் நின்ற பிள்ளையின் கை திரும்பவும் தன்னையறியாமல் பாக்கெட்டுக்குள் போய், அங்கே சாவியைப் பிடித்துக்கொண்டதை அவன் பார்த்தான்.

"டீச்சர், டைரியில அப்பிடி இல்லியே."

"எந்த டைரி?"

பள்ளிக்கூட டைரி. முதல் இரண்டு பக்கம் விதிகள். கீழே பெற்றோர் கையெழுத்து. எல்லா அப்பன்மாரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பக்கம். இசக்கிராஜ் முப்பத்தெட்டு வயதில், ஊர்க்காரர் சங்கத்து மாடியில் நடந்த வகுப்பில் எழுத்துக் கற்றவன். எழுத்து என்று எது கையில் வந்தாலும் கடைசிப் புள்ளிவரை படிக்காமல் அவனால் வைக்க முடியாது. மருந்துச் சீட்டாக இருந்தாலும் சரி, மிக்சர் பொட்டலமாக இருந்தாலும் சரி. டைரியை அவன் மூன்று நாள் படித்திருந்தான்.

"ரெட்டச் சடை, கறுப்பு ரிப்பன். வளையல் கூடாது, மருதாணி கூடாது, நகத்துல சாயம் கூடாது. எட்டாவது விதி, கழுத்துல கயிறு எதுவும் தொங்கக் கூடாது. மொத்தம் இருவத்திரெண்டு. பாக்கெட்டப் பத்தி ஒண்ணுமே இல்ல டீச்சர். கயிறு கூடாதுன்னுட்டிய, சரி. பெறவு சாவிய எங்க வைக்க?"

டீச்சர் கண்ணாடியைத் தேடினார். போனுக்கு அடியில் இருந்தது. டைரியை வரவழைத்து இருபத்திரண்டையும் விரல் வைத்துப் படித்தார். அவரே எழுதியதுதான், எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. பிறகு தங்கமயிலைப் பார்த்து, சாவிக்குத்தானா என்று கேட்டார்.

"சாவிக்கு மட்டும் இல்ல டீச்சர்," என்றாள் தங்கமயில். தலையைக் குனியவில்லை. அதற்கு மேல் சொல்லவும் இல்லை.

உதுமான் பாய் சுவரில் தொங்கிய காலண்டரை மிகக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். இசக்கிராஜ் தன் பெருவிரல் நகத்தைப் பார்த்தான். டீச்சர் மட்டும் பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே யாரோ கபடிப் பாட்டு மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு ஓடினார்கள்.

"நாளைக்கு அசெம்ப்ளில சொல்றேன்," என்றார் கடைசியில். "நீங்க கெளம்புங்கோ."

மறுநாள் காலை கார்கானாவுக்குப் போகிற வழியில் இசக்கிராஜ் பள்ளிக்கூடத்துக் கேட்டருகே நின்றான். கொஞ்சம் தள்ளி, வடாபாவ் வண்டியின் மறைவில், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் உதுமான் பாயும் நின்றார். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒரே ஒரு ஆணியில் ஆரம்பித்த நீலச் சுடிதார் இன்று மைதானத்தில் பாதிக்கு இருந்தது. பெண்பிள்ளைகளின் கைகள் எல்லாம் பாக்கெட்டுக்கு வெளியே, சொல்லிவைத்தாற்போல் விறைப்பாகத் தொங்கின.

பிரேயர் முடிந்தது. டீச்சர் மேடையில் ஏறினார். மைக் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது. அசெம்ப்ளியில் யார் கையும் பாக்கெட்டில் இருக்கக் கூடாது, மொபைல் கண்ணில் பட்டால் அடுத்த நிமிஷம் தன் அலமாரிக்குப் போகும், என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

"மத்ததெல்லாம் அடுத்த வருஷ டைரி எழுதறச்சே பாத்துக்கலாம். கலையலாம்."

யாரும் கைதட்டவில்லை. அதற்குக் கை வேண்டுமே. இருநூற்று நாற்பது வலது கைகளும் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தன. அப்படியே, தோளை ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வகுப்புகளைப் பார்த்து நடந்தார்கள். மூன்றாவது வரிசையில் தங்கமயில் ஏதோ சொல்ல, பக்கத்தில் போனவள் குனிந்து குனிந்து சிரித்தாள்.

பாய் வண்டிக்காரனிடம் இரண்டு வடாபாவ் கேட்டார். இசக்கிராஜ் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரின் ஒரு கையில் மைக்கும் சாவிக்கொத்தும், கக்கத்தில் டைரி. கண்ணாடி பிடித்த மற்றொரு கை மெல்ல இறங்கி, புடவையின் இடுப்போரம் ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு கண்ணாடியோடு மேலே வந்தது.